திரை சிதறினால் மதர்போர்ட்தான் போனதா?

கடையில் பில் அடிக்கும் கணனிக்கு நம்மவர்கள் பெரிதாக மரியாதை கொடுப்பதில்லை. காசு மேசைக்கு அடியில், தூசுக்கும் பழைய பெட்டிகளுக்கும் இடையில் அது வருடக்கணக்கில் கிடக்கும். திடீரென ஒரு நாள் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். எழுத்துக்கள் சிதறும். பச்சையும் ஊதாவுமாகச் சிறு சிறு கட்டங்கள் முளைக்கும். அப்பொழுதுதான் முதலாளி முதல் சாமான் கட்டும் பையன் வரை எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள்.

அந்த வேளையில் இரண்டு தீர்ப்புகள் வெளிவரும். விற்பனையில் நிற்கும் பையன், "எழுத்து ஓரளவு விளங்குது நானா, பில் அடிக்கலாம்" என்பான். திருத்த வருபவரோ ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்ட் போயிட்டு ஹாஜியார், புதுசு போடணும்" என்பார். இரண்டுமே சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுபவை. இரண்டாவது தீர்ப்பால் பணம் வீணாகலாம். முதலாவதால் கணக்கே கெடலாம். அதுதான் பெரிய நட்டம் என்பது என் அபிப்பிராயம்.

நான் கணனி திருத்துபவன் அல்லன். கல்முனைப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆனால் கணக்குகள் எல்லாம் கணனிக்குள் போன பிறகு, கணனியின் நோயையும் ஓரளவு தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

விடயத்துக்கு வருவோம். கணனி திரையில் படம் காட்டுவதற்குத் தனியான ஒரு பகுதி தேவை. விளையாட்டுக்களுக்கும் வீடியோ வேலைகளுக்கும் வாங்கும் கணனிகளில் அது தனி கார்டாக இருக்கும். அந்தக் கார்டில் அதற்கென்று சொந்த நினைவகம் உண்டு. பில் அடிக்கும் கணனிக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால், செலவைக் குறைக்க அந்தப் பகுதியை மதர்போர்டோடு சேர்த்தே செய்துவிட்டார்கள். இதைத்தான் கடைகளில் ஒன்போர்ட் வீஜீஏ என்கிறார்கள். இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 810 என்ற சிப்செட் இந்த வகையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. 2010க்குப் பின்னர் இந்தப் பகுதி மதர்போர்டை விட்டு புரொசெசருக்குள் குடிபெயர்ந்துவிட்டது. 2011இல் வந்த இன்டெல் புரொசெசர்களில் இரண்டும் ஒரே சில்லில் உள்ளன. ஆகவே 2012இல் வாங்கிய கணனியைப் பார்த்து ஒருவர் "போர்டில் உள்ள வீஜீஏ எரிந்துவிட்டது" என்றால், அந்த மொடலில் வீஜீஏ போர்டில் இருக்கிறதா, புரொசெசரில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற விதத்திலேயே ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

போர்டில் இருந்தாலும் புரொசெசரில் இருந்தாலும் ஒரு விடயம் பொதுவானது. இந்த வீஜீஏவுக்குப் பெரும்பாலும் சொந்த நினைவகம் கிடையாது. கணனியின் ரெம்மிலிருந்து ஒரு பங்கைக் கடன் வாங்கித்தான் படத்தை அங்கே எழுதி வைக்கிறது. 512 எம்.பி. ரெம் போட்ட பழைய கணனிகள் 448 எம்.பி. என்று காட்டியது பலருக்கு ஞாபகமிருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. மீதி 64 எம்.பி. திரைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

திரையில் தெரியும் படமும், அந்த நேரம் நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் பில்லும், கையிருப்புக் கணக்கும் ஒரே ரெம்மில்தான் இருக்கின்றன. ரெம்மில் பழுது ஏற்பட்டால் அது முதலில் கண்ணுக்குத் தெரிவது பல சந்தர்ப்பங்களில் திரையில்தான். கணக்கில் அதே பழுது நுழைந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சாரன் கணக்கில் வந்த 1,024

2023 ஏப்ரலில், நோன்புப் பெருநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கடையில் இது நடந்தது. திரையில் கட்டம் கட்டமாக நிறங்கள். கடையில் கால் வைக்க இடமில்லாத வியாபாரம். எழுத்து விளங்குகிறது என்று பையன்கள் பில்லை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திருத்துபவர் வந்து பார்த்துவிட்டு, மதர்போர்ட் மாற்ற வேண்டும், இந்தப் போர்ட் இப்போது கிடைக்காது, முழுதாகவே புதிய கணனி எடுப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரவு கணக்குப் பார்க்க நான் போனபோது, ஒரு வகைச் சாரன் 1,110 கையிருப்பில் இருப்பதாக அறிக்கை காட்டியது. அலுமாரியில் எண்ணினால் 86. யாரோ பிழையாக அடித்திருப்பார்கள் என்று பையன்களை ஏச ஆரம்பித்தார் நண்பர். எனக்கு அந்த வித்தியாசம்தான் உறுத்தியது. 1,110இல் 86ஐக் கழித்தால் சரியாக 1,024. கணனி எண்களை இரண்டு இரண்டாகப் பெருகும் சுவிட்சுகளாகத்தான் வைத்துக்கொள்கிறது: 1, 2, 4, 8 என்று போய் 512, அடுத்தது 1,024. மனிதன் பிழையாக அடித்தால் 86க்குப் பதிலாக 68 வரும், 866 வரும். 1,024 கூடுவதென்றால் உள்ளே ஒரேயொரு சுவிட்ச் தானாக விழுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கணனியை நிறுத்தச் சொன்னேன். காபன் பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதும்படி சொன்னதற்கு நண்பருக்குக் கோபம். ஆனாலும் எழுதினார்.

மறுநாள் காலை வேறொரு திருத்துபவரை அழைத்தோம். கணனியில் ஒரு ஜீ.பி. ரெம் இரண்டு இருந்தன. அவர் மின் இணைப்பைக் கழற்றி, கையால் கேசிங்கின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னை இறக்கிவிட்டு, ரெம் இரண்டையும் எடுத்தார். அவற்றின் கால்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். நமது கரையோர ஊர்களில் கடற்காற்றின் உப்பு இந்தக் கால்களில் படிந்து கறுப்பாக்கிவிடும். பல தடவை இந்தத் தேய்ப்பிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. இங்கே முடியவில்லை. பிறகு ஒன்றை மட்டும் போட்டு இயக்கினார், திரை சுத்தம். மற்றதை மட்டும் போட்டார், கட்டங்கள் வந்தன. அதே ரெம்மை மற்ற ஸ்லொட்டில் மாற்றிப் போட்டார்; அங்கும் வந்தன. பழுது ஸ்லொட்டில் இல்லை, ரெம்மில்தான் என்பது அதோடு முடிவாகியது. மதர்போர்டுக்கு ஒன்றும் இல்லை. நல்ல ரெம் ஒன்றோடு மட்டும் கடை அன்று மாலை வரை ஓடியது, சற்று மெதுவாகத்தான். பின்னர் கழித்துப் போட்ட ஒரு கணனியிலிருந்து அதே வகை ரெம் எடுத்துப் போட்டோம்.

செலவு அற்பம். ஆனால் குழம்பிய நாட்களின் கையிருப்பைக் கையால் எண்ணிச் சரிசெய்ய மூன்று இரவுகள் போயின.

ஆகவே திரை குழம்பினால் முதலில் செய்ய வேண்டியது பில் அடிப்பதை நிறுத்துவது. படத்துக்கு ஒதுக்கிய பங்கில் மட்டும் பழுதென்றால் கணக்குக்குச் சேதமில்லை என்பது உண்மையே. ஆனால் பழுது எந்தப் பங்கில் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்தது, அவசரப்பட்டு அன்றைய கணக்கைப் பழைய பென் டிரைவில் பிரதி எடுக்காதீர்கள். கெட்ட கணக்கு நல்ல பிரதிக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். பழைய பிரதியை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதியதை வேறொன்றில் எடுங்கள். திரையில் ஒன்றுமே விளங்காத நிலை என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. வீஜீஏ போனதால் ஹார்ட் டிஸ்க் போய்விடாது. அதைக் கழற்றி யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு வேறு கணனியில் கொடுத்தால் கோப்புகள் அங்கே இருக்கும்.

பழுது எங்கே இருக்கிறது?

ரெம்மைப் பற்றி இவ்வளவு சொன்னதால், திரை குழப்பம் எல்லாமே ரெம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகச் சாதாரணமான காரணங்களும் உண்டு. அவற்றைக் கடைக்காரரே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மொனிட்டரின் விளிம்பில் உள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு பெட்டி திரையில் வரும். அதை வரைவது கணனி அல்ல, மொனிட்டரே. அந்தப் பெட்டியும் சிதறித் தெரிந்தால் குற்றம் மொனிட்டரில். பெட்டி மட்டும் தெளிவாக இருந்து பின்னால் உள்ள படம் குழம்பியிருந்தால் மொனிட்டரை விட்டுவிடுங்கள், கணனியை அல்லது கேபிளைப் பாருங்கள். மொனிட்டர் வாங்கப் புறப்பட்ட இரண்டு பேரை இந்த ஒரு பட்டனால் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீல நிற வீஜீஏ கேபிள் என்றால் அதன் பின்களைக் கவனியுங்கள். மூன்று வரிசையில் பதினைந்து இடங்கள். முதல் மூன்று பின்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறங்களுக்குரியவை. பச்சைக்குரியது வளைந்தாலோ உடைந்தாலோ திரை ஊதாவாகிவிடும். நீலம் போனால் மஞ்சளடிக்கும். சிவப்பு போனால் பச்சையும் நீலமும் கலந்த நிறம் வரும். இப்படி முழுத் திரையும் ஒரே சாயலுக்கு மாறினால் அது பெரும்பாலும் கேபிளே; எழுத்துக்கள் உருக்குலையாமல் இருக்கும். சில கேபிள்களில் ஒன்பதாவது பின் தயாரிக்கும்போதே இருக்காது. அதைக் காட்டி "பின் உடைந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எழுத்துக்கள் மங்கலாக, நடுங்குவது போலத் தெரிந்தால் மொனிட்டரில் உள்ள ஓட்டோ பட்டனை அழுத்திப் பாருங்கள். எழுத்துக்கள் பெரிதாகி, படம் பக்கவாட்டில் இழுபட்டது போலத் தெரிந்தால் அது பழுதே அல்ல. வீஜீஏக்குரிய டிரைவர் இல்லாமல் வின்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவரைப் போட்டிருக்கிறது. பழைய கணனியில் வின்டோஸ் 10 போட்டவர்களுக்கு இது அடிக்கடி வந்தது. அந்த வீஜீஏக்களுக்குப் புதிய டிரைவரை இன்டெல் வெளியிடவே இல்லை.

டிரைவரா, உடற்பழுதா என்று பிரித்தறிய நல்ல வழி கணனியை மீண்டும் இயக்கி, வின்டோஸ் வருவதற்கு முன் தெரியும் பயோஸ் திரையைப் பார்ப்பது. அங்கேயே கோடுகள் இருந்தால் வின்டோஸுக்கும் டிரைவருக்கும் இதில் சம்பந்தமில்லை. வின்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்பவரிடம் அந்தத் திரையைக் காட்டுங்கள். அங்கே சுத்தமாக இருந்து, வின்டோஸ் வந்த பிறகு மட்டும் குழம்பினால் சேஃப் மோடில் இயக்கிப் பாருங்கள். அதிலும் சுத்தமென்றால் டிரைவரை மாற்றினால் போதும்.

காலையில் நன்றாக இருந்து அரை மணி, ஒரு மணி நேரத்தின் பின் குழம்பத் தொடங்குவது சூட்டின் அடையாளம். மூடியைக் கழற்றி மேசை மின்விசிறியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழப்பம் வரவில்லை என்றால் உள்ளே தூசியைத் துடைத்து, சிறு விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். புடவைக் கடைகளில் நூல் தூசு, பலசரக்குக் கடைகளில் மா. இரண்டும் விசிறியில் சாந்து போலப் பிடித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் கடந்தால் ரெம். மேலே சொன்னது போல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடலாம். பிழைகள் சிவப்பில் வரும். ஆனால் வீஜீஏ கடன் வாங்கிய பங்கை அந்த மென்பொருளால் தொட முடியாது. பரீட்சையில் சித்தியடைந்தாலும் ரெம் நல்லது என்று முடிவெடுக்காமல் இடம் மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும்.

கார்ட் போட்டு மறைக்கும் வேலை

திருத்துபவர்கள் சிலர் சுருக்குவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பாவித்த வீஜீஏ கார்ட் ஒன்றை ஸ்லொட்டில் செருகிவிடுவார்கள். திரை பளிச்சென்று வந்துவிடும். ஒன்போர்ட் வீஜீஏ உண்மையிலேயே பழுதாகியிருந்தால் இது மிக நல்ல, மலிவான வைத்தியம். ஆனால் பழுது ரெம்மில் இருந்தால் என்ன நடக்கும்? கார்ட் தன் சொந்த நினைவகத்தில் படத்தை எழுதுகிறது, ஆகவே திரை தெளிகிறது. கெட்ட ரெம் உள்ளேயே இருக்கிறது. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்டோம். கணக்கு தொடர்ந்து கெடும், இம்முறை சத்தமில்லாமல். ரெம்மைச் சோதித்த பிறகே கார்ட் போட அனுமதியுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பணக் காரணமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கணனிப் பாகங்கள் எல்லாமே இறக்குமதி என்பதால், முன்பு போல் மாற்றிவிட்டுப் போகலாம் என்ற பேச்சுக்கு அதோடு இடமில்லாமல் போனது. மேலும் பழைய கணனிக்கு மதர்போர்ட் என்பது மதர்போர்ட் மட்டுமல்ல. புதிய போர்டில் பழைய புரொசெசர் பொருந்தாது, பழைய ரெம்மும் பொருந்தாது. கணனியோடு வந்த வின்டோஸ் உரிமம் அந்தப் போர்டோடு கட்டப்பட்டது. பில் அடிக்கும் மென்பொருள் பலவும் கணனியின் அடையாளத்தைப் பார்த்துத்தான் திறக்கும். போர்ட் மாறினால் அதற்கும் மறுபடி பணம் கேட்பார்கள். "போர்ட் போயிட்டு" என்ற சொல்லின் விலை அவ்வளவு.

போர்ட் உண்மையிலேயே போவதும் உண்டு. மூடியைத் திறந்தால் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களைப் பாருங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மண்ணிறக் கசிவு இருந்தாலோ மின்சாரம் சீராகப் போகவில்லை என்று பொருள். திரையும் குழம்பும், கணனி தானாக நிற்கவும் செய்யும். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் உலகம் முழுவதும் தரமற்ற கெபாசிட்டர்கள் பல நிறுவனங்களின் போர்டுகளில் ஏறிவிட்டன. டெல் நிறுவனம் ஒப்டிப்ளெக்ஸ் கணனிகளில் இப்பழுதைச் சரிசெய்வதற்காக 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்கியது. நல்ல கையுள்ளவர் சூட்டுக்கோலால் கெபாசிட்டர்களை மாற்றிவிடுவார். புதிய போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவே. மடிக்கணனியின் வீஜீஏ சில்லைச் சூடாக்கித் திரும்ப ஒட்டித் தருவதாகச் சொல்லும் வேலையில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. சில வாரங்களோ மாதங்களோ ஓடிவிட்டுப் பழைய குருடிதான்.

யார் திருத்தினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன போட்டார், எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதிய பற்றுச்சீட்டும் தேவை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. வியாபாரிகளாகிய நாம் நமது வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோமோ இல்லையோ, வாங்கும்போது கேட்கக் கூச்சப்படுகிறோம்.

பில் அடிக்கப் பாவித்த கணனி வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் அதைக் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திரையைக் கவனியுங்கள். மூடியைத் திறக்கச் சொல்லிக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். ரெம் இரண்டு இருக்குமாறு கேளுங்கள். ஒன்று கெட்டால் மற்றதைக் கொண்டு சோதிக்கவும், அன்றைய வியாபாரத்தை ஓட்டவும் முடியும். இன்டெல் புரொசெசரின் இலக்கத்துக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் வீஜீஏ இல்லை. போர்டில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும் தனி கார்ட் போடாமல் திரையில் ஒன்றும் வராது.